ஏவா ஸ்வோபோதாவின் தொடக்க ஆண்டுகளும் உலகத் தடகள அமைப்பின் வீரர் விவரச் சேவையும்

குறுந்தூர ஓட்டத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்குக் கிடைக்கும் இலவசச் சேவைகளில், உலகத் தடகள அமைப்பின் தளத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள விவரப் பக்கத்தைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். ஒருவர் பதின்வயதில் எங்கே ஓடினார், யாருக்குப் பின்னால் வந்தார், எந்த ஆண்டில் வேகம் கூடியது, எந்த ஆண்டில் தேங்கி நின்றது என்பதையெல்லாம் அங்கே ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். இந்தச் சேவையின் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோட, போலந்தின் ஏவா ஸ்வோபோதாவின் பக்கத்தை விடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை. மிக இளம் வயதில் உலகத் தரத்தைத் தொட்டு, அடுத்த படியில் ஏறப் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

1997 ஜூலை 26 அன்று, தெற்குப் போலந்தின் சிலேசியப் பகுதியிலுள்ள ஜோரி நகரில் பிறந்தவர் ஸ்வோபோதா. அவருடைய பக்கத்தில் பலரும் முதலில் திறப்பது பதக்கப் பட்டியலைத்தான். ஆனால் அந்தப் பட்டியல் கால வரிசையில் இல்லை. போட்டியின் தரத்தை வைத்துத் தொகுக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கான உலகப் போட்டிகள் மேலே நிற்க, 2015இல் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்டுனாவில் நடந்த ஐரோப்பிய ஜூனியர் போட்டியில் அவர் 100 மீட்டரில் வென்ற தங்கம் கீழே போய்விடுகிறது. ஒரு வீராங்கனையின் வளர்ச்சியை அறிய விரும்புபவருக்கு இந்த வரிசை பெரிதாக உதவாது. அதனால் ஆண்டுவாரி முன்னேற்ற அட்டவணையில் தொடங்குவதே நல்லது என்பேன். ஒவ்வொரு தூரத்துக்கும் அந்தந்த ஆண்டின் சிறந்த நேரம், ஓடிய ஊர், தேதி என அது கச்சிதமாக அமைந்திருக்கிறது.

அந்த அட்டவணையில் 60 மீட்டருக்கான 2016ஆம் ஆண்டு வரியில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று தோருன் நகர உள்ளரங்கில், 18 வயதில், 7.07 விநாடியில் ஓடி, 20 வயதுக்குட்பட்டோருக்கான உலக உள்ளரங்கச் சாதனையை அவர் படைத்தார். அட்டவணையில் இது ஒரே ஒரு எண். அதன் எடை தெரிய வேண்டுமானால் 2022ஆம் ஆண்டு வரிக்கு வர வேண்டும். அதே தோருனில், அந்த ஆண்டு மார்ச் மாதம் நடந்த தேசிய உள்ளரங்கப் போட்டியில் அவர் 6.99 ஓடினார். இடைவெளி 0.08 விநாடி, அந்த வேகத்தில் ஓடும் ஒருவருக்கு அது ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அந்தச் சிறிய தூரத்தை வெல்ல ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. 18 வயதில் அவர் எவ்வளவு உயரத்தில் நின்றார் என்பதை எந்தப் பாராட்டுரையும் இவ்வளவு தெளிவாக எனக்கு உணர்த்தியதில்லை.

சேவையின் மிகச் சிறந்த பகுதி, ஆண்டைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் முடிவுப் பட்டியல். தேதி, போட்டி, தகுதிச்சுற்றா அரையிறுதியா இறுதியா என்பது, பெற்ற இடம், நேரம், காற்றின் வேகம் என எல்லாம் ஒரே வரியில் கிடைக்கின்றன. 100 மீட்டரில் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் வராது. ஆகவே காற்றுக் கட்டத்தைப் பார்க்காமல் இரண்டு நேரங்களை ஒப்பிடுவது சரியாகாது. உள்ளரங்கில் அந்தச் சிக்கல் இல்லை. ஸ்வோபோதாவின் 60 மீட்டர் எண்களை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிவது அதனால்தான்.

அதே 2016 பட்டியலில் கோடைக்காலத்துக்கு இறங்கினால், சொந்த நாட்டின் பிட்கோஷ்ச் நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டி வருகிறது. 19 வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்த நிலையில் அவர் 100 மீட்டரை 11.12 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார், 11.07இல் தங்கம் பெற்றவர் அமெரிக்காவின் கேண்டஸ் ஹில். அடுத்த மாதம் ரியோ ஒலிம்பிக்கில் பெரியவர்களோடு ஓடி அரையிறுதி வரை சென்றார். ஒரு குளிர்காலத்திலும் ஒரு கோடையிலும் இவ்வளவும் நடந்திருக்கிறது.

அதன் பிறகு வரும் ஆண்டுகளை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். 2017இல் பெல்கிரேடில் ஐரோப்பிய உள்ளரங்க வெண்கலம், அதே ஆண்டு 23 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியத் தங்கம், 2019இல் கிளாஸ்கோவில் 7.09 விநாடியில் ஐரோப்பிய உள்ளரங்கத் தங்கம். கிளாஸ்கோவில் இரண்டாவதாக வந்தவர் 200 மீட்டரில் இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற நெதர்லாந்தின் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் என்பதைக் கவனித்தால், 21 வயதுப் பெண்ணுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரியது என்பது விளங்கும். ஆனால் 100 மீட்டரில் 11 விநாடிக்குக் கீழே வர அவருக்கு 2023 ஜூலை வரை ஆனது. சிலேசிய மண்ணிலேயே, ஹோஜுவ் அரங்கில், 10.94 ஓடினார். புறப்பாடும் முதல் 60 மீட்டரும் இளமையிலேயே கைவந்துவிட்டன, மீதி 40 மீட்டருக்குத்தான் காலம் பிடித்தது என்பது இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்து நான் எடுத்த முடிவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். எண்கள் இருக்கும் அளவுக்குக் காரணங்கள் இல்லை. 2021இல் ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டி தோருனிலேயே நடந்தபோது, கொரோனா தொற்றால் அவர் பட்டத்தைத் தக்கவைக்க ஓட முடியாமல் போனது. முடிவுப் பட்டியலில் அது வெறும் இல்லாமையாக மட்டுமே தெரியும். இளமைக் காலத்தில் அவரை உருவாக்கிய பயிற்சியாளர் இவோனா க்ரூபாவின் பெயருக்கும் அட்டவணைகளில் இடமில்லை. இளம் ஓட்டக்காரர்களின் கதையில் பயிற்சியாளரை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். 100 மீட்டர் ஓட்டத்தில் 30, 60 மீட்டர்களைக் கடக்கும்போது எடுத்த இடைநேரங்களும் சேர்க்கப்பட்டால், மேலே நான் ஊகித்ததை எவரும் நேரடியாகச் சரிபார்க்கலாம்.

காலத்தில் பின்னோக்கிப் போகப் போகத் தகவலும் மெலிகிறது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் 18 வயதில் நீளம் தாண்டுதலிலும் 200 மீட்டரிலும் வெள்ளி, தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற, அதே போலந்தின் இரேனா ஷெவின்ஸ்காவின் இளமையை ஸ்வோபோதாவின் இளமையைப் போலப் போட்டி போட்டியாகப் பின்தொடர இந்தச் சேவை போதாது. அதற்குப் பழைய பத்திரிகைகளையும் புள்ளிவிவர நூல்களையும்தான் நாட வேண்டும்.

தமிழில் இந்தச் சேவை இல்லை. இருந்தாலும் எண்களும் ஊர்ப்பெயர்களுமே பெரும்பகுதி என்பதால் ஓரளவு ஆங்கிலம் அறிந்த மாணவருக்கே போதுமானது. பள்ளி அளவில் ஓடும் பிள்ளைகளுக்கும் அவர்களின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். முதலில் ஸ்வோபோதாவின் 2016 முடிவுகளைத் திறந்து, இறுதிப் போட்டிகளோடு நின்றுவிடாமல் தகுதிச்சுற்றுகளையும் காற்றுக் கட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். பிறகு 2019க்குச் செல்லுங்கள்.