ஏர் ரைஃபிளுக்குப் பேரல் மாற்றச் சொல்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளை ரைஃபிள் ஷூட்டிங் பயிற்சிக்கு அனுப்புகிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், மாற்றி 18,500 ரூபாய் போனது ஒரு பக்கம். என் அக்கா மகள் மூன்று மாதம் தன் கையையே நம்பாமல் அழுதது இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதை என்னால் இன்னும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அவள் பத்தாம் வகுப்பு. இரண்டு வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அவள் அறைச் சுவரில் கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படம் இருக்கும். புது மேட்ச் (போட்டிக்கான) ரைஃபிள் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்பதால், விளையாட்டை விட்டுவிட்ட ஒரு பையனிடமிருந்து பழைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஒரு தடவை சுடுவதற்கு, அதிகபட்சம் 10.9 என்பதால் 60 ரவுண்டுக்கு முழு மதிப்பெண் 654. அவள் 600, 605 என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இடையிடையே காரணமே இல்லாமல் ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) தனியாக விலகிப் போகும். அதற்குத்தான் வைத்தியம் தேடினோம்.

மாதம் ஒரு முறை மதுரைக்கு வந்து மாட்டுத்தாவணிப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்து, ஏர் ரைஃபிள் சர்வீஸ் செய்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். பெயர் எழுதவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. மெல்லிய கேமரா ஒன்றை பேரலுக்குள் விட்டு, போனில் படம் காட்டினார். உள்ளே கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள். “சார், துரு அரிச்சுப் பள்ளம் விழுந்துருச்சு. இனி இது தேறாது. கம்பெனி பேரல் வரவழைச்சா ஆறு மாசம் ஆகும். நம்மகிட்ட மேட்ச் கிரேடு பேரல் இருக்கு, இன்னைக்கே போட்டுத் தர்றேன்” என்றார். லேமினேட் செய்த டெஸ்ட் கார்டு ஒன்றையும் கொடுத்தார். ஐந்து ரவுண்டும் ஒரே துளையில் போன கார்டு. பழைய பேரலைக் கொடுத்தால் 2,000 குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அக்காதான் “இருக்கட்டும்டா, நம்ம பொருளை எதுக்குக் கொடுக்கணும்?” என்று துண்டில் சுற்றிப் பரணில் போட்டு வைத்தாள். அவளுக்குக் கோடி புண்ணியம்.

பழங்காநத்தத்தில் நான் டூவீலர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி பார்ட்ஸுக்கும் டூப்ளிகேட்டுக்கும் வித்தியாசம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் அன்றைக்கு பில்கூடக் கேட்கவில்லை. யூபிஐயில் பணத்தை அனுப்பிவிட்டு, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த விளையாட்டில் எவ்வளவு நுணுக்கம் என்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். டார்கெட்டின் நடுவில் இருக்கும் பத்து என்பது 0.5 மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட் 4.5 மில்லிமீட்டர். அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே பத்து கிடைக்கும். அதாவது நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். இன்னொரு இரண்டரை தள்ளிப் போனால் ஒன்பதுக்கு இறங்கிவிடும். பேரல் பாட்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் இழுத்தால், பிடிக்கிற பிள்ளை கல்லாட்டம் நின்றாலும் பத்து வராது.

புதுப் பேரல் போட்ட முதல் வாரமே 581. அப்புறம் 574. ஒரு நாள் 569. போன் செய்தால் “பெல்லட்டை மாத்திப் பாருங்க” என்றார். ஹெட் சைஸ் (பெல்லட் தலையின் அளவு) 4.49-இலிருந்து 4.52 வரை நான்கு டப்பா வாங்கினோம். “இருநூறு ரவுண்டு ஓடினா செட் ஆயிடும்” என்றார். ஓடியது. “ஐநூறு ஓடட்டும்” என்றார். அதுவும் ஓடியது. கடைசியில், “பொண்ணு பிடிக்கிறது சரியில்லைன்னு நினைக்கிறேன் சார், கோச்சுகிட்ட பேசுங்க” என்றார்.

கோச்சும் நல்ல மனதோடுதான் செய்தார். தோளில் பதியும் பட் பிளேட்டை இறக்கினார், கன்னம் வைக்கும் சீக் பீஸை மாற்றினார், நிற்கும் நிலையை மாற்றினார். இரண்டு வருடமாகப் படிய வைத்த பழக்கத்தை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநகர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, “மாமா, என் கை நடுங்குதுன்னு நினைக்கிறேன். நான் விட்டுடட்டுமா?” என்று கேட்டாள். வலது கையை முன்னால் நீட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். அந்தக் கை நடுங்கவே இல்லை. அன்றைக்குத்தான் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை.

கே.புதூர் சிட்கோவில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டு போனேன். பட்டறைக்குள் பத்து மீட்டர் அளந்து, தடுப்பாக மரப்பெட்டியில் பழைய துணியைத் திணித்து வைத்து, தோல் துண்டு வைத்து ரைஃபிளை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்கிப் பிடித்தோம். மனிதர் கையே படாமல் ஐந்து ரவுண்டு. துளைகள் பரவியிருந்தது விளிம்புக்கு விளிம்பு 14 மில்லிமீட்டர். இன்னொரு ஐந்து, 15. நல்ல மேட்ச் பேரல் என்றால் ஐந்து ரவுண்டும் ஆறு மில்லிமீட்டர் அளவில் ஒரே துளையாகச் சேர வேண்டும். நண்பர் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, பாப்பா மேல ஒரு தப்பும் இல்லைண்ணே” என்றார்.

அப்புறம் பேரலைக் கழற்றினோம். பெல்லட் வெளியே வரும் வாய்ப் பக்கத்தில் காதுக் குச்சியை நனைக்காமல் உள்ளிருந்து வெளியே இழுத்தோம். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. மறு பக்கம் பஞ்சு மாட்டி, இழை இழையாக நின்றது. பிசிறு. வி-பிளாக் என்கிற தாங்கியில் வைத்து டயல் கேஜ் (நுண்ணளவு காட்டும் கருவி) பிடித்தால், துளை வெளி வட்டத்துக்கு நடுவில் இல்லை. கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் ஒதுங்கியிருந்தது. வெளிப்பக்கத்தைப் பிடித்துத்தான் வாயைக் கடைந்திருக்கிறார்கள், அதனால் வாய் துளைக்கு நேராக இல்லை. பெல்லட் வெளியே வரும் நொடியில் காற்று ஒரு பக்கமாக முந்திக்கொண்டு பீறி, அதன் வாலைத் தள்ளிவிடும்.

அதைவிட மோசம் உள்ளே. ஒரு பெல்லட்டை பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தோம். நல்ல பேரலில் கடைசி வரை ஒரே சீராக இறுக்கம் தெரியும், வாய்க்கு அருகில் மட்டும் ஒரு பொடி கூடும். அதைச் சோக் என்பார்கள். இதில் முதலில் இறுக்கம், நடுவில் கம்பி தானாக விழுகிற அளவு தளர்ச்சி, மறுபடி இறுக்கம், வாயருகே ஒன்றுமே இல்லை. நீளமான குழலை வெட்டி இரண்டு மூன்று பேரலாக்கியிருப்பார்கள், சோக் இருந்த முனை வேறு யாருக்கோ போயிருக்கும் என்பது நண்பரின் கணிப்பு. வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பார்த்தோம். ஒரு பக்கம் பேரலின் உள்வரிகள் ஆழமாகப் பதிந்திருந்தன, எதிர்ப்பக்கம் கீறல் போலத்தான் இருந்தது. கிளப்பில் ஒருவரிடமிருந்த குரோனோகிராஃபில் வேகம் பார்த்தபோது, பத்து ரவுண்டில் நொடிக்கு 166 மீட்டரிலிருந்து 175 வரை ஆடியது. அந்த ஆட்டம் மட்டுமே பத்து மீட்டரில் இரண்டு மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் தள்ளும்.

வீட்டுக்கு வந்து அந்த டெஸ்ட் கார்டின் லேமினேஷனைக் கத்தரித்தேன். துளை இருந்த இடத்தை விரலால் தடவினேன். துளையே இல்லை. வழுவழுப்பான தாள், கறுப்பு மை. எவருடைய கார்டையோ ஜெராக்ஸ் எடுத்து, தடவிப் பார்க்க முடியாதபடி ஒட்டிக் கொடுத்திருக்கிறார்.

பரணிலிருந்து பழைய பேரலை இறக்கினோம். சுத்தம் செய்கிற ஃபெல்ட் பெல்லட்டுகளை (கம்பளித் துண்டுகள்) எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாகத் தள்ளினோம். முதல் நாலைந்தும் கரிக்கட்டை மாதிரி வந்தன. பன்னிரண்டாவது வெள்ளையாக வந்தது. லைட் அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி போல இருந்தது. பள்ளமும் இல்லை, துருவும் இல்லை. ஈயமும் பழைய எண்ணெயும் சேர்ந்து படிந்த அழுக்கு, அவ்வளவுதான். மாட்டிவிட்டு வைஸில் ஐந்து ரவுண்டு, ஆறரை மில்லிமீட்டர்.

ஆகவே, யாராவது பேரல் போய்விட்டது என்று சொன்னால் முதலில் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் வைஸில் பிடித்துச் சுட்டுப் பாருங்கள். புதிது வாங்கியே ஆக வேண்டுமென்றால், உங்கள் ரைஃபிளில் மாட்டி, உங்கள் கண் முன்னால் வைஸில் சுட்ட கார்டு வேண்டும் என்று கேளுங்கள். காதுக் குச்சி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, எடுத்துப் போங்கள். பழைய பேரலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள். வெடிமருந்தில் சுடும் .22 ரிம்ஃபயர் என்றால் ரைஃபிள், பேரல் எல்லாமே லைசென்ஸுக்குள் வந்துவிடும், டீலர் கணக்கு வைக்க வேண்டும். 4.5 மில்லிமீட்டர், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குள் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால்தான் யார் வேண்டுமானாலும் ஒரு குழலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மேட்ச் கிரேடு என்று விற்க முடிகிறது.

விற்றவரிடம் எல்லாப் படங்களையும் அனுப்பினேன். “நீங்க கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு” என்று பதில். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்த பிறகு, 3,000 தருவதாக ஆள் விட்டார். வாங்கவில்லை. யூபிஐ ரசீது, வெள்ளைத் தாள், வைஸில் சுட்ட கார்டுகள், ஜெராக்ஸ் கார்டு எல்லாவற்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இவரிடமே வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

பாப்பா போன வாரம் 596 எடுத்தாள். கலைத்த நிலையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார் கோச். அந்தப் பேரலைப் பாதி விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. வழக்கு முடிகிற வரை என் கடை மேஜை டிராயரில் இருக்கும், பார்க்க வேண்டும் என்பவர்கள் வந்து பார்க்கலாம். முடிந்த அன்றைக்குப் புதூர் பட்டறையில் கொடுத்து மூன்று துண்டாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.