பேட்டரி போன ஸ்கூட்டர்: கிக்கரா, தள்ளுறதா, ஜம்ப்பா?

சாவி போட்டு பிரேக்கை பிடிச்சுட்டு செல்ஃப் பட்டனை அமுக்கினா டிக் டிக்னு ரிலே சத்தம் மட்டும் வருது, மீட்டர் லைட்டு மங்கி மங்கி எரியுது, இது ஒரு கேஸ். சாவி போட்டும் மீட்டர்ல ஒரு பொட்டு வெளிச்சம் கூட இல்ல, ஹாரன் முனகக்கூட மாட்டேங்குது, இது இன்னொரு கேஸ். ரெண்டையும் ஒண்ணா நினைச்சுத்தான் பலபேர் அடுத்த அரை மணி நேரத்தை வீணாக்குறாங்க. முதல் கேஸ்ல பேட்டரி சோர்ந்திருக்கு, ரெண்டாவதுல மொத்தமா படுத்துருச்சு, இல்லன்னா பியூஸ் போயிருக்கு, டெர்மினல் கழண்டிருக்கு. எந்த வழியில வண்டிய கிளப்பலாம்ங்கறது பாதி இதுலயே முடிவாயிரும், மீதி பாதி உங்க வண்டி கார்புரேட்டரா (கரண்ட் இல்லாமலே பெட்ரோலை காத்தோட கலந்து விடற பழைய டைப்), எஃப்ஐயா (ஃபியூவல் இன்ஜெக்ஷன், பம்பும் கம்ப்யூட்டரும் வச்சு பெட்ரோலை பீச்சற டைப்) அப்படிங்கறதுல இருக்கு.

கிக்கரைப் பத்தி ஒரு விஷயத்தை மட்டும் தெளிவா புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் ஈஸி. கிக்கர் பேட்டரிக்கு மாற்று கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத்தான் மாற்று. இன்ஜினை சுத்தி விடற வேலைய மோட்டாருக்கு பதிலா உங்க கால் செய்யுது, அவ்ளோதான். ஆனா அதுவே பெரிய உதவி, ஏன்னா செல்ஃப் அமுக்கற அந்த ரெண்டு செகண்ட்ல மோட்டார் பல பத்து ஆம்பியர் இழுக்கும், 4 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியோட கொள்ளளவு) 5 ஆம்பியர் அவர்னு இருக்கற சின்ன ஸ்கூட்டர் பேட்டரி சோர்ந்து கிடக்கும்போது அதை எங்க போய் குடுக்கும். மோட்டாரை ஒதுக்கிட்டா மிச்சம் ஸ்பார்க், எஃப்ஐ வண்டின்னா கூடவே ஈசியூ (இன்ஜினை கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்), பெட்ரோலை பீச்சற இன்ஜெக்டர், ஃபியூவல் பம்ப், இதுங்களுக்கு எல்லாம் சேர்த்தே சில ஆம்பியர் போதும். அதனால டிக் டிக் சத்தம் கேட்டதும் செல்ஃபை விட்டுடுங்க, திரும்பத் திரும்ப அமுக்கி இருக்கற கொஞ்ச சார்ஜையும் மோட்டாருக்கு தாரை வார்த்துட்டு அப்புறம் கிக்கர்கிட்ட போனா அதுவும் கைய விரிச்சிரும்.

கார்புரேட்டர் வண்டில கிக்கர் ராஜா. சிடிஐங்கறது ஸ்பார்க் குடுக்கற சின்ன பெட்டி. பழைய வண்டிகள் நிறைய ஏசி சிடிஐ, அதாவது ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட், இன்ஜின் சுத்தும்போது கரண்ட் தயாரிக்கற மேக்னெட்டோல இருக்கற தனி காயில்ல இருந்தே வந்துரும், பேட்டரிய சுத்தமா கழட்டி வச்சா கூட உதைச்சா ஸ்டார்ட் ஆகும், பெட்ரோலும் தானா இறங்குறதுதான். டிசி சிடிஐன்னா கதை வேற, அது பேட்டரிகிட்ட கை நீட்டுற டைப், மீட்டர் லைட்டாவது லேசா எரியணும். உங்க வண்டி எதுன்னு உங்க மெக்கானிக்குக்கு தெரியும், இல்லன்னா மேனுவல்ல வயரிங் படத்துல இருக்கும், பிரச்சினை வர்றதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கறது நல்லது.

எஃப்ஐ வண்டில டெஸ்ட் ரொம்ப சிம்பிள், காதுதான் மீட்டர். சாவிய ஆன் பண்ணினதும் சீட்டுக்கு அடியிலயோ ஃபுட்போர்டு பக்கமோ ரெண்டு மூணு செகண்ட் "வ்ர்ர்ர்"னு ஒரு சத்தம் வந்து நிக்கும், அது ஃபியூவல் பம்ப் லைன்ல பிரஷர் ஏத்துற சத்தம், பெரும்பாலும் 3 பார் கிட்ட ஏத்தும். அந்த சத்தம் வழக்கம்போல வந்தா கிக்கரை நம்பி உதைக்கலாம், இழுத்து இழுத்து ஈனஸ்வரத்துல வந்தா முயற்சி பண்ணி பாக்கலாம், வரவே இல்லன்னா காலை மடக்கி வச்சுக்குங்க. கிக் அடிக்கறப்போ வர்ற கரண்டை வச்சே பம்பையும் ஈசியூவையும் எழுப்பற மாதிரி டிசைன் பண்ணின வண்டிகளும் இருக்கு, ஆனா உங்களோடது அதுல சேர்த்தியான்னு தெரியாம அதை நம்பி இருக்க வேணாம்.

உதைக்கறதுலயும் ஒரு முறை இருக்கு, இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. சென்டர் ஸ்டாண்ட் போடுங்க, சைடு ஸ்டாண்டுல வண்டிய சாய்ச்சு வச்சு உதைச்சா பாதி பலம் வண்டிய ஆட்டுறதுலயே போயிரும், சைடு ஸ்டாண்டு கட் ஆஃப் இருக்கற வண்டில ஸ்டார்ட்டே ஆகாது. பின் பிரேக்கை பிடிச்சுக்குங்க, கிளம்பின வேகத்துல பின் சக்கரம் சுத்தும். சாவி ஆன், பம்ப் சத்தம் நிக்கற வரைக்கும் வெயிட். அப்புறம் கிக்கரை மெதுவா கீழ அழுத்துங்க, ஒரு இடத்துல கல்லு மாதிரி முட்டும், கம்ப்ரஷன், அங்க நிறுத்தி லிவரை மேல விட்டு, அதுக்கப்புறம் உடம்பு வெயிட்டை போட்டு ஒரே வீச்சுல அடி வரைக்கும். சும்மா பாதி பாதியா பத்து தடவ தட்டறதை விட முழுசா ரெண்டு உதை மேல். ஆக்சிலேட்டரை எஃப்ஐல தொடவே வேணாம், கார்புரேட்டர்ல சோக் இழுத்துட்டு கால்வாசிக்கும் கம்மியா முறுக்கினா போதும், சரட் சரட்னு முறுக்கிட்டே உதைச்சா ப்ளக் பெட்ரோல்ல குளிச்சு உக்காந்துரும்.

இன்னொண்ணு, வருஷக்கணக்கா தொடாத கிக்கர் அவசரத்துக்கு வேலைக்கு ஆகாது. உள்ள இருக்கற கிரீஸ் காஞ்சு கட்டியாகி லிவர் பாதில மாட்டிக்கும், இல்ல போனது திரும்ப மேல வராது. ஏஜென்சி சர்வீஸ்ல இதையெல்லாம் கேக்காம பண்ணித் தர்றவங்க குறைவு, வாரத்துக்கு ஒரு தடவ காலைல முதல் ஸ்டார்ட்டை கிக்கர்லயே பண்ணிட்டா இந்த வம்பே இல்ல.

சரி, தள்ளி ஸ்டார்ட் பண்றது? கியர் இல்லாத ஸ்கூட்டர்ல இது நடக்கவே நடக்காது, எத்தன பேர் தள்ளினாலும், இறக்கத்துல உருட்டினாலும். காரணம் பின் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச். இன்ஜின் வேகம் ஏறினாத்தான் அந்த கிளட்ச் ஷூ விரிஞ்சு வெளிய இருக்கற டிரம்மை பிடிக்கும், இன்ஜின் நின்னு இருக்கும்போது ஷூ உள்ள சுருங்கி உக்காந்திருக்கும், நீங்க சக்கரத்தை உருட்டினா டிரம் மட்டும் சும்மா சுத்திட்டு இருக்கும், அந்தப் பக்கம் இன்ஜினுக்கு சேதியே போகாது. கைல கியர் மாத்தற பழைய மாடல் ஸ்கூட்டர்னா ரெண்டாவது கியர் போட்டு கிளட்ச் பிடிச்சு தள்ளி டக்குனு விட்டா கிளம்பும், அந்த நினைப்புலதான் இன்னமும் சிலர் "தள்ளுங்க சார் தள்ளுங்க"ன்னு கூட ஓடி வர்றாங்க. நல்ல மனசுதான், வேர்வை மட்டும்தான் மிச்சம்.

பேட்டரி மொத்தமா படுத்துட்ட எஃப்ஐ வண்டிக்கு என் ஓட்டு ஜம்ப்புக்குத்தான், அதாவது இன்னொரு பேட்டரில இருந்து கேபிள் போட்டு கரண்ட் இரவல் வாங்கறது. பக்கத்துல இன்னொரு 12 வோல்ட் வண்டி, கொஞ்சம் தடிமனான கேபிள், பேட்டரி கவரை கழட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவர், இது மூணும் வேணும். ரொம்ப பழைய வண்டிகள்ல 6 வோல்ட் பேட்டரி இருக்கும், அதோட சேர்க்கக் கூடாது. பிளஸ்ஸுக்கு பிளஸ் முதல்ல, அப்புறம் நல்ல பேட்டரியோட மைனஸ், கடைசி கிளிப்பை படுத்த பேட்டரியோட மைனஸ்ல மாட்டாம இன்ஜின்லயோ சேஸிஸ்லயோ பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல மாட்டணும், ஏன்னா கடைசி கிளிப்ல ஒரு சின்ன பொறி வரும், பேட்டரிய சுத்தி ஹைட்ரஜன் கேஸ் இருக்க வாய்ப்பு இருக்கு. ஸ்டார்ட் ஆனதும் இதே வரிசைய தலைகீழா கழட்டணும். ஸ்கூட்டர் பேட்டரில ரெண்டு டெர்மினலும் கிட்ட கிட்ட இருக்கும், கார் கேபிளோட பெரிய கிளிப் ரெண்டும் உரசிக்காம பாத்துக்கறதுதான் இதுல பெரிய வேலை. கார்ல இருந்து எடுத்தா கார் இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும், 12 வோல்ட்டுக்கு அந்த பேட்டரியே தாராளம்.

கேபிள் மாட்டியாச்சுன்னு உடனே செல்ஃபை அமுக்காதீங்க, கிக்கர் இருந்தா கிக்கரையே அடிங்க. இரவல் வாங்கின கரண்ட் பம்புக்கும் ஈசியூவுக்கும் போனா போதும், மோட்டார் இழுக்கற லோடு இல்லாததால கேபிளும் சூடாகாது, உதவி பண்ண வந்தவர் வண்டி பேட்டரியும் அடி வாங்காது. ஜம்ப்பும் கிக்கும் ஒண்ணுக்கொண்ணு போட்டின்னு பேசறாங்க, சேர்த்து பண்ணினாத்தான் ரெண்டுமே ஒழுங்கா வேலை செய்யுது.

கைக்கு அடக்கமா வர்ற லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் பேக், கிக்கரே இல்லாத வண்டி வச்சிருக்கறவங்களுக்கு நல்ல முதலீடு, யாரையும் கெஞ்ச வேணாம். ரெண்டு குறை. ஒண்ணு, பேட்டரி வோல்டேஜ் ரொம்ப அடிமட்டத்துல இருந்தா சில பேக் பேட்டரி இருக்கறதையே கண்டுக்காது, பூஸ்ட் பட்டன் இருக்கற மாடலா பாருங்க. ரெண்டாவது, அதை சீட்டுக்கு அடியிலயே போட்டு வெயில்ல வண்டிய நிறுத்தினா லித்தியத்துக்கு ஆகாது, வீட்ல வச்சுட்டு வந்தா நடுரோட்டுல பிரயோஜனம் இல்ல.

வீட்டுல நிக்கற வண்டின்னா சார்ஜர் போடறதுதான் பேட்டரிக்கு நல்லது. 4 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் அளவுல ராத்திரி முழுக்க, அவசரப்பட்டு கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை மாட்டினா கொதிச்சு வீங்கிரும்.

எந்த வழில கிளப்பினாலும் அதுக்கப்புறம் செய்யறதுலதான் கோட்டை விடுவாங்க. ஸ்டார்ட் ஆன வண்டிய ஐடில்ல பத்து நிமிஷம் நிக்க வச்சா சார்ஜ் ஏறிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஐடில்ல ஏறறது ரொம்ப சொற்பம், அரை மணி நேரமாவது நிக்காம ஓட்டணும். ஓடிட்டு இருக்கும்போது பேட்டரி டெர்மினலை கழட்டி சார்ஜிங் வருதான்னு பாக்கற பழைய வித்தை எஃப்ஐ வண்டில வேணவே வேணாம், பேட்டரி இல்லாம வோல்டேஜ் எகிறினா ஈசியூ விலைக்கு பத்து பேட்டரி வாங்கலாம். அதுக்கு மல்டிமீட்டர் இருக்கு, வண்டி ஓடும்போது லேசா முறுக்கி பேட்டரில 13.5ல இருந்து 14.5 வோல்ட் காட்டினா சார்ஜிங் சரி. மறுநாள் காலைல வண்டிய தொடாம அளந்து பாருங்க, 12.5க்கு மேல நின்னா பேட்டரி பிழைச்சுக்கிச்சு, மறுபடி 12க்கு கீழ போயிருந்தா ஒண்ணு பேட்டரி முடிஞ்சுது, இல்லன்னா வெளில இருந்து மாட்டின ஜிபிஎஸ்ஸோ அலாரமோ ராத்திரி முழுக்க உறிஞ்சுது, அதை கழட்டிட்டு இன்னொரு ராத்திரி விட்டு அளந்தா எதுன்னு தெரிஞ்சிரும்.