ஹட்டனில் ஜேர்சி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் சட்டையில் இரண்டு முதலைகள் இருந்தன. மார்பில் தைத்திருந்தது வலப்பக்கம் பார்த்தது. கழுத்துக்குள் இருந்த லேபலில் அச்சிட்டிருந்தது இடப்பக்கம் பார்த்தது. 5,800 ரூபா கொடுத்து வாங்கி, இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு சடங்கு வீட்டுக்கும் நெஞ்சை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு போன பிறகுதான் இது தெரிந்தது. அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சித்திரை வருடப் பிறப்புக்கு வீட்டுக்கு வந்த அக்கா காட்டித்தான் கண்டேன்.

சட்டை என் சொந்த முட்டாள்தனம். அதை மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் அதே கடையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பையன்களின் பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2025 பொங்கலுக்கு மறுநாள் எங்கள் மைதானத்தில் மென்பந்துச் சுற்றுப்போட்டி. பக்கத்துத் தோட்டத்து அணி முந்தைய வருடம் ஒரே நிற ஜேர்சியில் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் பையன்களுக்குத் தூக்கமில்லை. இலங்கை அணியின் நீல ஜேர்சி, மார்பில் வாளேந்திய சிங்கம், முதுகில் இலக்கம், இதுதான் வேண்டும் என்றார்கள். பதினான்கு பேர், ஆளுக்கு 2,600 ரூபா. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்த நேரம் அது. ஒரு சட்டை என்பது ஒரு தாயின் இரண்டு நாள் கொழுந்து. நான் பொருளாளர். கொஞ்சம் படித்தவன், டவுன் பழக்கம் உள்ளவன் என்று என்னை நம்பித்தான் பணத்தைத் தந்தார்கள்.

கடை ஹட்டன் டவுனில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, ஏன் என்பது பின்னால் தெரியும். சுவர் முழுக்க உலகத்துச் சின்னங்கள் எல்லாம் தொங்கின. பாயும் சிறுத்தை, மூன்று கோடு, குதிரையில் போலோ ஆடுகிறவர், முதலை. ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கழகங்கள் ஒன்று பாக்கியில்லை. கடைக்காரர் இனிமையான மனிதர். பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"தம்பி, இது கொழும்பில் கிடைக்கிற டூப்ளிகேட் இல்லை. எல்லாமே ஏற்றுமதி மிச்சம். நம்முடைய ஃபெக்டரியிலேயே தைத்தது" என்றார்.

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் நான் விழுந்தேன். 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி போட்ட ஜேர்சி, கடலோரத்தில் சேர்த்த பிளாஸ்டிக் கழிவை நூலாக்கி நெய்த துணி, அதை இங்கேயே மாஸ் என்ற ஆடை நிறுவனம் தயாரித்தது என்றார். அது உண்மை. அப்போது நானே பத்திரிகையில் படித்திருந்தேன். தெரிந்த உண்மை ஒன்றைச் சொன்னவர் சொல்லும் மற்றதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. "அதே துணியில் மிஞ்சியது, உங்களுக்காகத் தருகிறேன்" என்றதும் 20,000 ரூபா முற்பணத்தை, கடைப் பெயரில் இல்லாமல் யாரோ ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டேன். மீதியைச் சாமான் எடுக்கும்போது கையில் கொடுத்தேன், என் முதலைக்கும் சேர்த்து. பற்றுச்சீட்டு கேட்டபோது கலண்டர் தாளின் பின்பக்கத்தில் தொகையை எழுதி, "செட்டில்" என்று ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

போட்டியன்று காலையில் பனிமூட்டம், பிறகு தூறல். இரண்டாவது ஆட்டத்தில் எங்கள் விக்கெட் காப்பாளர் பாய்ந்து விழுந்து எழுந்தபோது சிங்கத்தின் வாள் காணாமல் போயிருந்தது. எதிரணிக்காரன் அதைப் புல்லிலிருந்து எடுத்து, "அண்ணே, உங்கள் ஆயுதம்" என்று நீட்டினான். மைதானமே சிரித்தது. மாலைக்குள் மூன்று பேரின் முதுகில் இலக்கம் சுருண்டுவிட்டது. இரண்டு ஜேர்சிகளில் நாட்டின் ஆங்கிலப் பெயரிலேயே ஓர் எழுத்து குறைகிறது என்பதையும் அப்போதுதான் பார்த்தோம். உரிந்து போனதல்ல, அச்சடிக்கும்போதே விட்டுப்போனது.

சிரிப்பு அடுத்த நாள் நின்றது. ஒரு வீட்டில் அம்மா ஜேர்சியோடு சேர்த்து மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையையும் ஊறவைத்துவிட்டார். சீருடை முழுக்க நீலத் திட்டு. பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் இன்னொன்று தைக்க வேண்டியதாகிவிட்டது. அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்குப் போனேன். "மழையில் போட்டால் எந்தச் சட்டையும் இப்படித்தான், தம்பி" என்றார் அதே இனிமையோடு. கிரிக்கெட் ஜேர்சியை மழைக்குப் பயந்து பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி. இந்த முறை டீ வரவில்லை.

இனி அக்கா. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவள், அதில் பாதிக் காலம் தரம் பார்க்கும் மேசையில். என் சட்டையைக் கையில் எடுத்தவுடன் மார்பைப் பார்க்கவே இல்லை. உட்புறத்தை வெளியே புரட்டினாள். "இதைக் காசு கொடுத்தா வாங்கினாய்?"

அவள் காட்டியவற்றை நினைவில் இருக்கிற மட்டும் எழுதுகிறேன். கழுத்து லேபல் முழுப் பருத்தி என்றது, பக்கத் தையலில் இருந்த சலவைக் குறிப்பு பொலியெஸ்டர் கலப்பு என்றது. முதலையின் பின்புறத்தில் நூல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு வெட்டப்படாமல் தாவித் தாவிப் போயிருந்தது. மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே இடைவெளியே இல்லை, பல்வலிக்காரன் வாயைப் போல அடைத்துக் கிடந்தது. ஜேர்சியையும் பார்த்தாள். பொலியெஸ்டர் துணியில் சாயத்தைச் சூட்டால் ஆவியாக்கி ஏற்றினால் அது இழைக்குள் போய்விடும், விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது, உரியவும் உரியாது. எங்கள் சிங்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாள், சூட்டில் அழுத்தி ஒட்டியது. நகத்தால் ஓரத்தைக் கீறினாள், வாலோடு வந்துவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விட என்னை வாயடைக்க வைத்தது இதுதான். தொழிற்சாலைகள் குறைப்பட்ட துண்டுகளுக்கு ஈடாகக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைக்கும். மிஞ்சியதும் கழித்ததும் உள்ளூருக்கு விற்பனைக்கு வருவது உண்மை. ஆனால் வெளிநாட்டு நிறுவனம் தன் பெயரோடு அதைச் சந்தைக்கு விட லேசில் சம்மதிக்காது. அதனால் பெரும்பாலும் லேபலை வெட்டி எடுத்தோ, குறுக்கே கத்தரித்தோ, கறுப்பு மையால் கோடு போட்டோதான் வெளியே அனுப்புவார்கள். அதாவது, உண்மையான ஏற்றுமதி மிச்சம் காது அறுந்துதான் வரும். சின்னமும் லேபலும் விலை அட்டையும் குறையில்லாமல் பளபளவென்று தொங்கினால், அதுவே முதல் சந்தேகம். நானோ அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான் விலை கொடுத்தேன்.

மறுபடியும் போனேன், இந்த முறை அக்காவோடு. பலகை மாறியிருந்தது. புதுப் பெயர், புது நிறம், உள்ளே அதே ஆள். முதலைகள் எதிரெதிராகப் பார்ப்பதைக் காட்டினேன். அசரவில்லை. "முதலையில் இரண்டு கம்பெனி இருக்கிறது, தம்பி" என்றார். இதுவும் உண்மைதான்! டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட் 1933இல் பிரான்சில் தொடங்கிய நிறுவனத்தின் முதலை வலப்பக்கம் பார்க்கும். சிங்கப்பூரில் பிறந்த இன்னொரு நிறுவனத்தின் முதலை இடப்பக்கம் பார்க்கும். இருவரும் பல நாடுகளில் வழக்காடியிருக்கிறார்கள். அப்படி வழக்காடிய இரண்டையும் ஒரே சட்டையில் சமாதானமாகக் குடிவைத்த ஒரே இடம் இந்தக் கடைதான். அக்கா அதைச் சொன்னபோது அவர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கத் திரும்பிவிட்டார்.

(அந்த லக்கோஸ்டுக்கு முதலைப் பட்டம் வந்ததே ஒரு தோல்வியால்தான். முக்கியமான ஆட்டத்தில் வென்றால் முதலைத்தோல் பெட்டி வாங்கித் தருவதாக அணித் தலைவர் பந்தயம் கட்டினார். லக்கோஸ்ட் தோற்றார். பெட்டி போனது, பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கும் ஏறக்குறைய அதே கதிதான். தோட்டத்தில் இப்போது என்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.)

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் வாங்கியது மார்கழியில், அழைத்தது சித்திரையில். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. என்னிடம் இருந்ததோ கடைப் பெயரும் திகதியும் இல்லாத கலண்டர் தாள். எனவே, முற்பணம் கட்டப் போகிறவர்கள் கடைப் பெயர் அச்சிட்ட சீட்டு கையில் வரும்வரை படி இறங்க வேண்டாம். மாதிரிக்கு ஒரே ஒரு ஜேர்சியை வாங்கி, வீட்டில் ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்த பிறகு மீதிக்கு ஓடர் சொல்லுங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் டீயும் குடிக்க வேண்டாம்.

பையன்களின் பணத்தை மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து வருகிறேன். அந்தச் சீருடைக்கான பணத்தை அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். விக்கெட் காப்பாளர் தன் ஜேர்சியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான், குளிருக்கு உள்ளே போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறார். என் சட்டையிலிருந்து முதலையை அக்கா ஊசியால் நூல் நூலாகப் பிரித்தெடுத்துவிட்டாள். துணி இப்போது வெளுத்துவிட்டது. முதலை படுத்திருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றிருந்த நிறத்தில் இருக்கிறது.