கான்ஸ்டன்டைனின் சூரியனா, லிசினியஸின் ஜூபிடரா?

கி.பி. 313-இல் மிலனில் தங்கையைக் கட்டிக்கொடுத்து லிசினியஸை மைத்துனராக்கிக்கொண்டார் கான்ஸ்டன்டைன். இருவரும் ரோமப் பேரரசர்கள். மேற்கு இவருக்கு, கிழக்கு அவருக்கு. 316-இல் இருவருக்கும் போர். அந்தப் போட்டியின் தடம் அவர்கள் அடித்த வெண்கலக் காசுகளிலும் இருக்கிறது. பழங்காசு சேர்ப்பவர் ஒன்றை மட்டும் வாங்குவதானால் எதை எடுப்பது? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு: 20 மில்லிமீட்டர் அகலம், மூன்று கிராமை ஒட்டிய எடை. தலைப் பக்கத்தில் பேரரசர், பின்பக்கத்தில் அவரவர் தெய்வம்.

லிசினியஸுக்கு ரோமர்களின் தலைமைத் தெய்வமான ஜூபிடர். தன்னை ஜூபிடரின் வழியினன் என்று சொல்லிக்கொண்ட முந்தைய பேரரசர் டயோக்ளீஷியன், பேரரசைப் பலர் பங்கிட்டு ஆளச் செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தவர் அவர். அந்தப் பாரம்பரியம்தான் அவருடைய பலம். கிழக்கு நகரங்களான நிக்கோமீடியா, அந்தியோக்கியாவில் அடித்த காசுகளில் ஜூபிடர் ஒரு கையில் உருண்டைமேல் நிற்கும் வெற்றித் தேவதை, மறுகையில் செங்கோல், காலடியில் அலகில் மாலை கவ்விய கழுகு என்று நிற்கிறார். பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் இவ்வளவு சிறிய வட்டத்தில் இத்தனையும் நெருக்கியதால், கொஞ்சம் தேய்ந்தாலே கழுகு வெறும் மேடாகிவிடுகிறது.

கான்ஸ்டன்டைனின் சூரியனிடம் அந்த நெரிசல் இல்லை. கதிர்முடி, உயர்த்திய வலக்கை, இடக்கையில் உலக உருண்டை, தோளில் மேலாடை. அவ்வளவுதான். எழுத்தெல்லாம் அழிந்த காசிலும் அந்தத் தூக்கிய கை இன்னார் என்று காட்டிக்கொடுத்துவிடும். லண்டன், டிரியர், ஆர்ல், ரோம் என்று பல நாணயச்சாலைகளில் அடித்தார்கள். 310-இல் தன் மாமனாரும் முன்னாள் பேரரசருமான மாக்சிமியனோடு உறவு முறிந்தபின், அவர் வழியாகத் தனக்கு வந்த ஹெர்குலிஸ் தெய்வத்தின் பெயரை விட்டு, தனக்கென்று ஒரு தெய்வத்தைத் தேடிக்கொண்ட அரசரின் காசு இது. 312-இல் கிறிஸ்துவின் பக்கம் திரும்பியபிறகும் சூரியன் காசிலிருந்து இறங்கவில்லை. வெண்கலக் காசுகளிலிருந்து 318 வாக்கில்தான் மறைகிறார். இந்த ஆறு வருட இழுபறிதான் என்னை மிகவும் ஈர்ப்பது.

அப்புறம், ஒருவருடைய நாணயச்சாலை மற்றவர் பெயரிலும் காசு அடித்தது. லிசினியஸ் முகத்தோடு சூரியன், கான்ஸ்டன்டைன் முகத்தோடு ஜூபிடர், இரண்டுமே உண்டு. இருவரும் சேர்ந்து ஆள்கிறார்கள் என்ற பேச்சு இருந்தவரை இந்த மரியாதையும் இருந்தது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சூரியனையே எடுங்கள். ஜூபிடர்தான் வேண்டும் என்பவர்கள் 321-க்குப் பிந்தியதைத் தேடலாம்: கழுகோடு கைதி ஒருவனும் சேர்ந்திருப்பான், ஓரத்தில் பன்னிரண்டரை என்ற எண்குறி இருக்கும். இருபத்தைந்து டெனாரியாக (டெனாரி என்பது ரோமர்களின் பணக் கணக்கு அலகு) இருந்த காசின் மதிப்பை லிசினியஸ் பாதியாகக் குறைத்ததற்கான அடையாளம் அது. 324-இல் அவர் தோற்றதும் ஜூபிடரும் காசுகளிலிருந்து போய்விட்டார்.