கிளைகோலிக்கா, சாலிசிலிக்கா? வேலூர் வெயிலில் ஒரு மண்டைக் கணக்கு

"இன்னாடா இது, ஆசிட்டக் கொண்டாந்து தலையில ஊத்திக்கப் போறியா?" என்று அம்மா கேட்டபோது நான் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. 'கிளைகோலிக் ஆசிட்' என்று அதன் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததுதான் வினை. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்த சித்தப்பா பக்கத்தில் இருந்தார். "ஆசிட்டுல முடி போவாது அண்ணி, சுண்ணாம்புலதான் போவும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தோலிலிருந்து மயிரைக் கழற்ற டேனரிகளில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் ஊறப் போடுவார்கள். முடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைக் கரைப்பது அந்தக் கடுமையான காரக் கரைசல். அமிலம் அதற்கப்புறம், வேறு வேலைக்கு வரும். கடையில் விற்கும் முடி நீக்கும் கிரீம்களும் காரத்தை நம்பியவைதான். ஆக, மிதமான அமிலம் பட்டால் முடி உருகிவிடும் என்ற பயத்தை ஓரமாக வைத்துவிடலாம். பொடுகுக்கும் முடி உதிர்வதற்கும் அந்த அமிலம் எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் கேள்வி.

என் கதை இது. தினமும் சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு பைக். தலையில் ஹெல்மெட். வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறார்கள்? சித்திரையில் ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கும் பஞ்சைப் பிழிந்து தண்ணீர் எடுக்கலாம். குளிக்க போர் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை உப்பு படியும் ரகம். கறுப்புச் சட்டை போட்டால் தோளில் மாவு சிந்தியது போலச் செதில். இன்னொரு பக்கம், காலையில் தலையணையில் முடி. செதிலும் முடி உதிர்வதும் ஒரே வியாதி என்று நான் நினைத்துக்கொண்டதுதான் முதல் தப்பு.

சரி, முதலில் கிளைகோலிக். ஆல்ஃபா ஹைட்ராக்ஸி அமிலங்கள் என்ற குடும்பத்தில் இதுதான் மிகச் சிறியது, மூலக்கூறு எடை 76. அதனால் தோலின் மேலடுக்கில் சுலபமாக இறங்கும். அங்கே செத்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிடியைத் தளர்த்தும். செதில் தானாகக் கழன்று வரும். வேன் ஸ்காட், யூ என்ற இருவர் 1974-ல் இந்தக் குடும்பத்து அமிலங்களை, தோல் மீன் செதில் போலத் தடித்துப்போகும் வியாதிக்குப் போட்டுப் பார்த்து எழுதினார்கள். முகப்பூச்சுகளில் இது பிரபலமானதெல்லாம் அதற்கப்புறம்தான். மண்டைக்கு வந்தது இன்னும் பிற்பாடு. பாட்டிலின் மேல் கரும்புப் படம் போட்டிருப்பார்கள். கரும்பில் இது இருப்பது உண்மைதான். அதற்காக அம்முண்டி சர்க்கரை ஆலையிலிருந்து வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் ரசாயன ஆலையில் தயாராவதுதான். அதில் குறை ஒன்றுமில்லை.

வாங்கும்போது சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பிஎச் என்பது அமிலக் கடுமையின் அளவு, எண் குறையக் குறையக் கடுமை கூடும். அது 3.8 வாக்கில் இருந்தால் உள்ளே இருக்கும் அமிலத்தில் பாதிதான் வேலை செய்யும் நிலையில் இருக்கும். பிஎச் ஏற ஏற அது இன்னும் குறையும். 10 சதவீதம் என்று போட்ட பாட்டில் 7 சதவீத பாட்டிலைவிட மந்தமாக இருக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு 10 சதவீதத்துக்குள், பிஎச் 3.5-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. அதற்கு மேலே போவதெல்லாம் டாக்டர் கையால் செய்ய வேண்டியவை.

நான் செய்தது இப்படி. ராத்திரி, உலர்ந்த தலையில், சீப்பின் வாலால் வகிடு எடுத்து, ஒவ்வொரு வகிட்டிலும் நாலைந்து சொட்டு விட்டு விரல் நுனியால் தடவினேன். நகத்தால் சொறிந்த இடம் ஒன்று காதுக்குப் பின்னால் இருந்தது. அங்கே பட்டதும் பச்சை மிளகாய் தேய்த்தது போல எரிந்தது. மற்ற இடங்களில் லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். இருபது நிமிஷம் கழித்து அலசினேன். வாரம் ஒரு முறை. மூன்று வாரத்தில் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் இருந்த வறண்ட வெள்ளைச் செதில் நன்றாகக் குறைந்தது. உச்சியில் மட்டும் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றினால் அதே எண்ணெய் வாடை.

சாலிசிலிக் அமிலம் ஜெயித்தது அந்த இடத்தில்தான். கிளைகோலிக் தண்ணீரில் கரையும் ஆள். சாலிசிலிக் எண்ணெயோடு சேரும் ஆள். மயிர்க்கால் துவாரத்தில் எண்ணெய் அடைத்திருந்தால் அதற்குள்ளேயே போகும். 2 முதல் 3 சதவீதம் உள்ள ஷாம்பு மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. நுரைத்து ஐந்து நிமிஷம் விட்டு அலசினேன். உச்சியில் இருந்த மஞ்சள் நிறச் செதில் ஊறிய மெழுகு போல விரலோடு வந்தது. இரண்டாவது வாரத்தில் வாடையும் போனது. ஆனால் முடி நுனி தேங்காய் நார் போல ஆகிவிட்டது. அதை மறைக்க மாட்டேன். தாடி போலக் குட்டையாக முடி வெட்டியவனுக்கு அது பெரிய விஷயமில்லை. நீளமாகப் பின்னல் போடுகிறவர்கள் ஷாம்புவை மண்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக்கைத் தொடவே வேண்டாம். இரண்டும் ஒரே வம்சம்.

என் தீர்ப்பு: வறண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தால் கிளைகோலிக். எண்ணெய் வழிந்து அப்பிக்கொண்டிருந்தால் சாலிசிலிக். இந்த ஊர் வெயிலில் ஹெல்மெட் போட்டு அலைகிற பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பேன்.

அம்மாவின் கட்சி புளித்த தயிர். தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம், கிளைகோலிக்கின் அதே குடும்பம். இதைச் சொன்னதும், "அப்போ இத்தினி வருசமா நான் உன் தலையில ஊத்துனதும் ஆசிட்தானா?" என்று கேட்டாள். ஆமாம், ஆனால் வீரியம் குறைந்தது. அளவும் பிஎச்சும் நாளுக்கு நாள் மாறும். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அலசியபின் வரும் வாடை தனிக் கதை. எலுமிச்சை அப்படியில்லை. அதன் சாறு பிஎச் 2 வாக்கில் இருக்கும், கிளைகோலிக் பாட்டிலைவிடக் கடுமை. தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் பொத்துப்போய்க் கறுக்கவும் செய்யும். சீயக்காய் அழுக்கு எடுக்கும், செதிலைக் கழற்றாது. அதை இந்தப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் செதிலைத் துடைக்கிற வழிகள். பொடுகுக்குப் பின்னால் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை இருக்கிறது. அதை விட்டுவிட்டு அமிலம் மட்டும் போடுவது, வெல்லத்தைத் திறந்து வைத்துவிட்டு எறும்பைத் துடைப்பது போல. அங்கே கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புதான் சரி: வாரம் இரண்டு தடவை, மூன்று முதல் ஐந்து நிமிஷம் நுரையை விட்டு, இரண்டு முதல் நான்கு வாரம். இன்னொன்று, அந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடே நம் தலையின் எண்ணெய்தான். பொடுகு இருக்கும்போது ராத்திரி முழுக்க எண்ணெயை ஊற வைப்பது அதற்கு விருந்து. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேச மாட்டார்கள்.

இனி முடி உதிர்வுக்கு வருவோம். கிளைகோலிக் போட்டால் முடி முளைக்கும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நம்புவதற்கான திடமான ஆதாரம் இல்லை. அமிலம் வேலை செய்வது தோலின் மேல்பரப்பில். முடியின் வேர் அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே. அரிப்பும் சொறிவதும் நின்றால் சொறிவதால் உதிரும் முடி நிற்கும், அது உண்மை. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ வந்த வழுக்கைக்கு அது மருந்தில்லை.

அதற்கு மினாக்ஸிடில். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்து, உடம்பில் முடி வளர்வதைப் பார்த்துத் தலைக்கு மாறிய மருந்து; அமெரிக்காவில் 1988-ல் அனுமதி கிடைத்தது. முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். பயந்து நிறுத்துகிறவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய குறைந்தது நாலு மாதம் ஆகும். விட்டால் முளைத்ததும் போய்விடும். நான் செய்த முட்டாள்தனம், கிளைகோலிக் போட்ட ராத்திரியே அதன் மேல் மினாக்ஸிடிலையும் விட்டது. அமிலம் தோலின் கதவைத் திறந்து வைத்திருக்க, மருந்து வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே போயிருக்கிறது. விடிய விடிய எரிச்சல், மறுநாள் மண்டையெல்லாம் சிவப்பு. இரண்டும் ஒரே நாளில் வேண்டாம். மொட்டை போட்ட கையோடு அமிலமும் வேண்டாம். திருப்பதி போய் வந்த வாரம் தலை சும்மா இருக்கட்டும்.

டெங்கு, டைபாய்டு மாதிரிக் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், எதையும் வாங்கத் தேவையில்லை. பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். வராவிட்டால் இரும்புச் சத்து, தைராய்டு பார்க்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக வழுவழுவென்று போனால் அது புழுவெட்டு. பெயர்தான் அப்படி, புழு எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குவது. அதற்கு நேராகத் தோல் டாக்டர்.

இப்போது என் பாத்ரூம் அலமாரியில் இருப்பது, ஞாயிறும் புதனும் கீட்டோகோனசோல், மற்ற ராத்திரிகளில் உச்சிக்கு மினாக்ஸிடில். செதில் தலைகாட்டினால் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை சாலிசிலிக். கிளைகோலிக் பாட்டிலைத் தேடினேன், காணவில்லை. சொரசொரத்துப் போன முழங்கைக்கு நன்றாகக் கேட்கிறது என்று அம்மா எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.