அடைத்த பெட்டியா, குழாய் வைத்த பெட்டியா?

வீட்டில் ஸ்பீக்கர் செய்கிறவர்கள் பலகையை அறுக்கும் முன்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். காற்றுப் புகாமல் முழுவதையும் அடைத்துவிடு என்கிறது ஒரு கட்சி. முன்பலகையில் துளை போட்டுக் குழாய் ஒன்றைச் செருகு, பேஸ் (தாழ்ந்த ஒலி) அள்ளிக்கொண்டு வரும் என்கிறது மற்றது. இரண்டாம் கட்சிக்குத்தான் எங்கும் ஆள்பலம் அதிகம். இலங்கை மலையகத்துத் தோட்ட வீடுகளைப் பொறுத்தவரை என் வாக்கு முதல் கட்சிக்கு.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் ஒலிக்கு நேரெதிரான ஒலி அதன் முதுகுப்புறத்தில் பிறக்கிறது. இரண்டும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அடைத்த பெட்டி அந்தப் பின்னொலியைச் சிறைவைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில்லாகி, கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. குழாய்ப் பெட்டி பின்னொலியை வேலைக்கு வைத்துக்கொள்கிறது: வெற்றுப் போத்தலின் வாயில் ஊதினால் எழும் ஓசைபோல, குழாயிலுள்ள காற்று ஒரு குறிப்பிட்ட மீடிறனில் (அதிர்வெண்ணில்) அதிர்ந்து முன்னொலியோடு சேர்கிறது. அதே ஸ்பீக்கரிலிருந்து இன்னும் ஆழமான பேஸ் கிடைப்பது உண்மை. அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த மீடிறனுக்குக் கீழே இறங்கினால் கதை வேறு. மீடிறன் பாதியாகும்போது அடைத்த பெட்டியில் ஒலி 12 டெசிபெல் குறைகிறது. குழாய்ப் பெட்டியில் 24. அதோடு, அங்கே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. பலத்த தாழ்வொலி ஒன்று வந்தால் கூம்பு கட்டறுந்து ஆடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கு. 1961இல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் குழாய்ப் பெட்டியின் கணக்கை ஒழுங்குபடுத்தினார். 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். இன்று நல்ல ஸ்பீக்கர்களோடு வரும் எஃப்.எஸ். (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் மீடிறன்), கியூ.ரி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு), வி.ஏ.எஸ். (கூம்பின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் கன அளவு) என்ற மூன்று எண்களும் அவர்கள் வழி வந்தவை. நமக்குக் கிடைக்கும் சரக்கோ பழைய வானொலியிலிருந்தும் வேன் கதவிலிருந்தும் கழற்றியது. இல்லாவிட்டால் நகரத்துக் கடையில் கட்டித் தொங்கும், வாற் அளவை மட்டும் பெரிதாக ஒட்டிய பெயரில்லாத ஸ்பீக்கர். அந்த வாற் அளவையும் நான் நம்புவதில்லை.

எஃப்.எஸ். 45 ஹேர்ட்ஸ், கியூ.ரி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 40 லீற்றர் கொண்ட ஒரு எட்டு அங்குல ஸ்பீக்கரை வைத்துப் பார்ப்போம். அதற்குப் பொருத்தமான அடைத்த பெட்டி 40 லீற்றர். அதன் பரிவு மீடிறன், அதாவது பெட்டியோடு சேர்ந்து கூம்பு இயல்பாக அதிரும் மீடிறன், 64 ஹேர்ட்ஸ். தவறிப்போய் 30 லீற்றரில் செய்துவிட்டால் அது 69 ஆகும். அவ்வளவுதான், பாட்டுக் கேட்கிறவருக்குத் தெரியாது. குழாய்ப் பெட்டியில் இந்தச் சலுகை கிடையாது. 40 லீற்றர் பெட்டியை 40 ஹேர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க 75 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பி.வி.சி. குழாய் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் வேண்டும். 50 மில்லிமீற்றர்க் குழாய் என்றால் ஐந்தரை போதும். ஆனால் ஒலியைக் கூட்டினால் அந்த ஒல்லிக் குழாயில் காற்று உஸ் உஸ் என்று இரைக்கும். ஸ்பீக்கரின் எண் தெரியாமல் கண்மதிப்பில் வெட்டிய குழாய் எந்தப் பாட்டுக்கும் ஒரே ‘தும்’ தான் போடும்.

எண்களை வீட்டிலேயே அளக்கலாம். கைத்தொலைபேசிச் செயலியில் ஒலி எழுப்பி, சிறிய அம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் 100 ஓம் தடையி ஒன்றைத் தொடரில் வையுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்ரிமீற்றரைப் பிடித்தபடி 20 ஹேர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏறுங்கள். முள் எங்கே உச்சத்தைத் தொட்டு மறுபடி இறங்குகிறதோ அதுதான் எஃப்.எஸ். பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்த சிறு களிமண் உருண்டையைக் கூம்பில் ஒட்டி மீண்டும் அளந்தால், மீடிறன் இறங்கிய அளவையும் கூம்பின் பரப்பையும் கொண்டு வி.ஏ.எஸ். கணக்கிட முடியும். இதற்குப் பொறுமை உள்ளவர் தாராளமாகக் குழாய் வைக்கலாம்.

அறைக்கு வருவோம். லயத்துக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின்) வழக்கமான அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி. பன்னிரண்டு அடி நீளத்துக்கு அறையின் முதல் பரிவு 47 ஹேர்ட்ஸ் அளவில் விழுகிறது. எட்டு அங்குலக் குழாய்ப் பெட்டிகளைப் பெரும்பாலும் சுருதி சேர்ப்பதும் 40க்கும் 50க்கும் இடையில்தான். பெட்டியும் அறையும் ஒரே இடத்தில் முழங்க, பாட்டு அமுங்கிப்போகிறது. தப்பு மேளம் அடிக்கும்போது தோலில் குச்சி படும் அந்த வெட்டு கேட்காது, இரைச்சல்தான் மிஞ்சும். அடைத்த பெட்டி மெதுவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் ஒரு பகுதியைச் சிறிய அறை தானே தூக்கிக் கொடுக்கிறது. தகரக் கூரையும் பலகைக் கதவும் கொஞ்சத்தை வெளியே விட்டுவிடும் என்பதையும் சொல்லவேண்டும்.

அண்டை வீட்டாரையும் கணக்கில் எடுங்கள். சுவர் பொது, கூரை ஒன்று. விடியற்காலை பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர் அந்தப் பக்கம் தூங்குகிறார். சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் பேஸ்தான்.

ஈரம் இன்னொரு காரணம். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உலர்த்திய துணிகூடக் காய்வதில்லை. திறந்த குழாய் வழியே அந்த ஈரம் காகிதக் கூம்பின் முதுகுவரை போகிறது. கூடவே கரப்பானும் போய்க் குடும்பம் நடத்துகிறது. குழாய் வைக்கிறவர்கள் உள்வாயில் வலையாவது கட்டவேண்டும். எந்தப் பெட்டியானாலும் கூம்பின் விளிம்பு இறப்பராக இருக்கட்டும். நுரை விளிம்பு சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும்.

பலகையில் அதிக யோசனை வேண்டாம். எம்.டி.எஃப். அறுத்த விளிம்பில் நீரைக் குடித்து ஊதும். அதைவிட 18 மில்லிமீற்றர் பிளைவுட் நல்லது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கையில் இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அது மெல்லியது, ஸ்பீக்கரைவிடப் பெட்டிதான் அதிகம் பாடும். அடைத்த பெட்டிக்குள் தலையணைப் பொலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி இருப்பதைவிடச் சற்றுப் பெரியதாக நடந்துகொள்ளும்.

குழாய்ப் பெட்டி வெல்லும் இடமும் உண்டு. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ கலாசார மண்டபத்துக்கோ செய்வதென்றால் அதையே செய்யுங்கள். வெட்டவெளியில் தூக்கிக் கொடுக்கச் சுவர் இல்லை, ஒலியும் அதிகம் வேண்டும். 3 டெசிபெல் கூட்ட அம்ப்ளிபயரின் வாற்றை இரட்டிப்பாக்க வேண்டும் என்பதால், அங்கே குழாய் தரும் உதவி பணமாகவே மிச்சம்.

இரண்டு மனமாக இருப்பவர் 40 லீற்றர்ப் பெட்டியில் குழாய்க்குத் துளை போட்டு, பசை தடவாமல் இறுக்கமாகச் செருகி வைக்கலாம். ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். அடுத்த வாரம் குழாயை உருவி எடுத்துவிட்டு, அந்தத் துளைக்கு அளவாக வெட்டிய பிளைவுட் வட்டத்தை இறப்பர் வளையத்தோடு திருகி மூடுங்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு, பசையை அதற்குப் பிறகு தடவுங்கள்.