சிறுநீரகப் பிரஷர்: டொப்ளரா, சி.ரி.யா, எம்.ஆரா?

யாழ்ப்பாணத்தில் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் பிரஷர்காரர் எல்லோருக்கும் சிறுநீரக நாடியைப் பார்க்கும் ஸ்கான் தேவையில்லை. 30 வயதுக்கு முன்பே பிரஷர் வந்தவர், மூன்று வகைக் குளிசை போட்டும் இறங்காதவர், எனலாப்ரில், லொசாட்டன் மாதிரி பிரஷர் மருந்து தொடங்கியதும் கிரியற்றினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) மளமளவென்று ஏறியவர். இவர்களுக்குத்தான் சிறுநீரகத்துக்குப் போகும் நாடி ஒடுங்கி, அதனால் பிரஷர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் டொப்ளர், அதாவது இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான், என்பதே என் கட்சி. ஊசியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, கிரியற்றினின் எவ்வளவு இருந்தாலும் செய்யலாம். நாடி ஒடுங்கிய இடத்தில் இரத்தம் பீறிட்டு ஓடும். வேகம் செக்கனுக்கு 180, 200 சென்ரிமீற்றரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் எல்லாம் செய்பவரின் கைப்பழக்கத்தில் இருக்கிறது. வயிற்றில் வாயு நிறைந்திருந்தால் நாடி மறைந்துவிடும். சாப்பிடாமல் வரச் சொல்வது அதற்காகத்தான். ஆளைச் சரித்துப் படுக்கவைத்து, "மூச்சைப் பிடியுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, இரண்டு பக்கமும் தேடி முடிக்க நேரம் எடுக்கும். ரிப்போர்ட்டில் "நாடி தெளிவாகத் தெரியவில்லை" என்றிருந்தால் அதை "நோயில்லை" என்று வாசித்துவிடாதீர்கள்.

சாதாரண வயிற்று ஸ்கான் வேறு. ஆனாலும் ஒரு சிறுநீரகம் மற்றதைவிட 1.5 சென்ரிமீற்றருக்கு மேல் சிறுத்திருந்தால் அதுவே நல்ல துப்பு.

சி.ரி. அஞ்சியோகிராம் (எக்ஸ்ரேயால் நாடியைப் படமெடுப்பது) விரைவானது, படம் துல்லியம். அயடின் மருந்து ஏற்ற வேண்டும் என்பதால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு யோசித்தே செய்வார்கள். காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆரில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் ஒடுக்கத்தைக் கூட்டிக் காட்டும் பழக்கம் உண்டு, ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 30க்குக் கீழே என்றால் அதற்கு ஏற்றும் கடோலினியம் மருந்திலும் கவனம் வேண்டும். கப்டோபிரில் குளிசை கொடுத்து, கதிரியக்க மருந்தால் சிறுநீரகத்தைப் பார்க்கும் கப்டோபிரில் ஸ்கான் இரண்டு பக்கமும் ஒடுங்கியவரிடம் ஏமாற்றும், அதை விட்டுவிடலாம்.

2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் உண்மையில் ஒடுக்கம் இருந்தவர்களில் சி.ரி. 64 சதவீதத்தையும் எம்.ஆர். 62 சதவீதத்தையும்தான் பிடித்தன. அதனால் இளம் பெண்ணுக்குச் சந்தேகம் பலமாக இருந்தால், ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் நாடிக்குள் மெல்லிய குழாய் விட்டுப் படமெடுக்கும் கதீற்றர் அஞ்சியோகிராம் பற்றிக் கேளுங்கள். அந்த வயதில் வரும் நார்த்தசை ஒடுக்கம் (நாடிச் சுவரின் தசை மாறி வளர்வதால் வருவது) பலூன் சிகிச்சைக்கு நன்றாக இசையும்.

வயதானவரின் கொழுப்புப் படிந்த நாடி அப்படியல்ல. மருந்தோடு ஸ்டென்ரும் (நாடியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைப்பதால் கூடுதல் பலனில்லை என்று 2014இல் கோரல் ஆய்வு காட்டியது. குளிசையில் பிரஷர் அடங்கியிருக்கும் அப்பாவுக்காக நகையை அடகு வைத்து ஸ்கான் எடுக்க ஓடாதீர்கள். "இதில் அடைப்புத் தெரிந்தால் வைத்தியத்தை மாற்றுவீர்களா, டொக்டர்?" என்று முதலில் கேளுங்கள்.